பட்டப்படிப்புக்குக் காசு கட்ட முன்னர்

அரச பல்கலைக்கழக அனுமதிக்கான இஸட் வெட்டுப்புள்ளி வெளிவந்த பிறகு களுவாஞ்சிக்குடி, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெற்றோர் அனேகமாக முதலில் கேட்பது, தனியார் பட்டநெறிக்கு மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்றுதான். தயவுசெய்து அதோடு நிற்காதீர்கள். விளம்பரத்தில் இருப்பது மாதத் தவணை மட்டும். பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், சித்தியடையாத பாடத்தைத் திரும்ப எழுதும் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம், வெளிநாட்டுப் பட்டமென்றால் ஸ்டேர்லிங் பவுணில் கட்டும் தொகை, இதெல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வரும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது பவுணும் கூடவே ஏறியது. நகையை அடகு வைத்து முதல் வருடம் கட்டிய குடும்பங்கள் அடுத்த வருடத்துக்கு வழியில்லாமல் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன். பட்டம் கைக்கு வரும்வரை மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். தரத் தயங்கினால் எழும்பி வந்துவிடுங்கள். அந்தப் பட்டத்துக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் நீங்களே பாருங்கள், முகவர் சொல்வதை நம்பவேண்டாம்.

காசைவிட எனக்குக் கவலை நேரக் கணக்கில், ஏனென்றால் அதை ஒருவரும் கேட்பதில்லை. பட்டங்களின் தரத்தை வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணிநேரப் படிப்பு. முழுநேர மாணவருக்கு வருடத்தில் 30 கிரெடிட், அதாவது 1500 மணி. மூன்று வருடப் பொதுப் பட்டத்துக்கு 90, நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட். விரிவுரையாக நடக்கும் 3 கிரெடிட் பாடத்துக்கு வகுப்பில் இருப்பது சுமார் 45 மணிதான், மிச்சம் 105 மணியும் பிள்ளை தானாக வாசிக்கவும் ஒப்படை எழுதவும் பரீட்சைக்குத் தயாராகவும் வேண்டும். வருடத்தின் 1500 மணியையும் பரீட்சைக் காலத்தையும் சேர்த்து 40 வாரத்துக்குப் பரப்பினாலும் கிழமைக்கு 37 மணிக்கு மேல் வருகிறது. "சனி ஞாயிறு மட்டும் வகுப்பு, மற்ற நாள் வேலைக்குப் போகலாம்" என்று சொல்லி முழுநேரப் படிப்பை விற்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள்.

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகமோ ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமோ கிடைத்தால் கற்பித்தற் கட்டணம் இல்லை. ஆனால் போர்டிங், சாப்பாடு, பஸ், லேப்டொப் எல்லாம் உங்கள் தலையில்தான். மகாபொல புலமைப்பரிசில் 2025இல் மாதம் 7500 ரூபாவாகக் கூடியது, சரி, அது எல்லோருக்கும் கிடைக்காது, முதல் தவணை வரவும் மாதங்கள் ஆகும். அந்த இடைவெளிக்குக் கொஞ்சம் காசு ஒதுக்கி வையுங்கள்.

அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு வட்டியில்லாக் கல்விக் கடன் இருக்கிறது. வட்டியை அரசு கட்டும், வாங்கிய கடன் தொகையைப் பிள்ளைதான் படித்து முடித்துத் திருப்பிக் கட்ட வேண்டும், அதுவும் அங்கீகரித்த பட்டநெறிகளுக்கு மட்டும். வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டிய பிள்ளையென்றால் மட்டக்களப்பிலுள்ள திறந்த பல்கலைக்கழக நிலையத்தில் ஒருமுறை விசாரியுங்கள். அங்கேயும் கட்டணம் உண்டு, ஆனால் வருடத்துக்கு எத்தனை பாடம் எடுப்பது என்பதைப் பிள்ளையே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம், எடுக்கும் பாடத்துக்கு ஏற்றபடிதான் காசும்.