உற்றுக்கேட்ட களைப்பு

‘செவிச் சோர்வு’ என்ற சொல்லை இனியும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. காதொலிக் கருவி வாங்குவோர் கையில் திணிக்கும் கையேடுகளில், கருவிகளைப் பற்றிப் பேசும் காணொளிகளில், நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களில், பேச்சை முயன்று கேட்பதால் வரும் களைப்பைக் குறிக்கும் ‘லிசனிங் ஃபெட்டீக்’ எங்கே வந்தாலும் தமிழில் அது ‘செவிச் சோர்வு’ ஆகிவிடுகிறது. சிலர் ‘காது களைப்பு’ என்கிறார்கள். இரண்டும் தவறு. வெறும் நடைப் பூசல் என்றால் விட்டுவிடலாம். புதிதாகக் கருவி மாட்டிக்கொண்ட ஒருவரை இந்தச் சொல் தவறான வழியில் அனுப்புகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

சொற்பிறப்பை விரைவாகப் பார்த்துவிடலாம். ஃபெட்டீக் என்பது லத்தீனில் ‘களைக்கச் செய்’ என்ற பொருளுடைய ஃபாட்டிகாரேயிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. லிசன் பழைய ஆங்கிலச் சொல். ஒலி தானாக வந்து காதில் விழுவதை ஆங்கிலம் ‘ஹியர்’ என்கிறது. மனம் வைத்துக் கேட்பதை ‘லிசன்’ என்கிறது. சிக்கல் முழுவதும் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

இனி அது குறிக்கும் பொருள். உட்காதில் காக்ளியா என்ற நத்தை வடிவ உறுப்பு இருக்கிறது. அதில் ஒரு காதுக்கு ஏறத்தாழ 12,000 வெளி மயிர்க்கலங்களும் 3,500 உள் மயிர்க்கலங்களும் உண்டு. மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுப்பதும், அடுத்தடுத்த சுருதிகளைப் பிரித்துக் காட்டுவதும் வெளிக்கலங்களின் வேலை. வயதாலோ இரைச்சலாலோ அவை அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. கருவி ஒலியின் அளவைக் கூட்டும்; போன கூர்மையை அதனால் முழுதாகத் திருப்பித் தர முடியாது. எனவே வந்து சேரும் பேச்சு, மழையில் நனைந்து மை பரவிய கடிதம்போல இருக்கும். விட்டுப்போன எழுத்துகளை மூளை ஊகித்து நிரப்ப வேண்டும்.

தமிழைக் கேட்பவருக்கும் இந்த வேலை குறைவில்லை. நம் வாக்கியத்தில் யார், எப்போது, உண்டா இல்லையா என்பதெல்லாம் வினைமுற்றின் வாலில் தொங்குகிறது. அந்த வாலைத்தான் பேச்சில் விழுங்குகிறோம். ‘வந்தான்’ என்பதில் கடைசி னகரத்தை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. ‘வந்தா’ என்று மூக்கொலியோடு முடிக்கிறோம். ‘வந்தாள்’ என்பதும் ‘வந்தா’தான், மூக்கொலி மட்டும் இல்லை. வந்தது மகனா மகளா என்பது அந்த ஒரு மூக்கொலியில் இருக்கிறது. காது நன்றாக இருப்பவர் இதைக் கவனிப்பதே இல்லை. காது மந்தமானவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் இடம் பார்த்து, முகம் பார்த்து, முன்னால் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு ‘மகளாகத்தான் இருக்கும்’ என்று முடிவுகட்ட வேண்டும். அதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடும்.

புதுக் கருவி மாட்டிய முதல் சில வாரங்களில் இதோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்கிறது. பல ஆண்டுகளாகக் கேட்காத மின்விசிறி ஓசை, குழாய்ச் சொட்டு, எவர்சில்வர் தட்டு வைக்கும் ஓசை, தன் செருப்புச் சத்தம், செய்தித்தாளைப் புரட்டும் சரசரப்பு எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. எது வேண்டும், எதைத் தள்ள வேண்டும் என்று பிரிக்கும் பழக்கம் மூளைக்கு விட்டுப்போயிருக்கும். அது திரும்ப வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். காதைச் சோதித்துக் கருவியைப் பொருத்தும் ஆடியாலஜிஸ்டுகள் பலர் முதலிலேயே முழு ஒலியளவைத் திறந்துவிடாமல் படிப்படியாக ஏற்றுவது இதனால்தான்.

ஆக, களைப்பது மூளை. இது யாரோ கவிதையாகச் சொன்னது இல்லை. கவனம் என்பது அளவோடு கிடைக்கும் கையிருப்பு, ஒன்றில் செலவழித்தால் மற்றதற்குக் குறையும் என்று உளவியலாளர் டேனியல் கானெமன் 1973இல் விரித்து எழுதினார். நினைவுச் சுமை கூடும்போது கண்மணி விரிகிறது என்று அவரும் ஜாக்சன் பீட்டியும் 1966இலேயே காட்டியிருந்தார்கள். இன்று கேட்கும் முயற்சியை அளக்க விரும்பும் ஆய்வாளர்கள் கண்மணியின் விரிவைப் பார்ப்பது அந்த வழியில் வந்ததுதான். 2016இல் ‘இயர் அண்ட் ஹியரிங்’ ஆய்விதழில் கேட்கும் முயற்சியை விளக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கோட்பாட்டுக் கட்டமைப்பும் கானெமனின் கருத்தை அடியொற்றி, கேட்கும் முயற்சியை மன வளங்களை வேண்டுமென்றே ஒதுக்கிச் செலவிடுவதாகத்தான் வரையறுக்கிறது. காதின் முயற்சி என்று எங்கும் சொல்லவில்லை.

இப்போது ‘செவிச் சோர்வு’க்கு வருவோம். முதல் குற்றம், அந்தப் பெயர் வேறொன்றுக்கு உரியது. பட்டாசு வெடித்த இரவில், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்ற கச்சேரிக்குப் பிறகு, காது அடைத்தாற்போல் ஆகிச் சில மணி நேரம் மந்தமாகி, பின் தெளியும் அல்லவா? அதை ஆங்கிலத்தில் ‘ஆடிட்டரி ஃபெட்டீக்’ என்கிறார்கள். உண்மையாகவே காது சோர்ந்துபோகும் நிலை அது. ‘செவிச் சோர்வு’ அதற்கு அச்சாகப் பொருந்தும். அந்தச் சொல்லைத் தூக்கி இதற்குக் கொடுத்துவிட்டால் அதற்கு என்ன பெயர் வைப்பது? அது இரைச்சல் செய்யும் தீங்கின் அறிகுறி; இது உழைப்பின் விளைவு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், படிப்பவர் ‘இந்தக் கருவி என் காதைக் கெடுக்கிறது’ என்றுதான் முடிவுக்கு வருவார்.

என் சித்தி அந்த முடிவுக்குத்தான் வந்தார். கருவியோடு வந்த கையேட்டில், ‘செவிச் சோர்வு ஏற்பட்டால் கருவியைக் கழற்றிக் காதுகளுக்கு ஓய்வளிக்கவும்’ என்று ஒரு வரி இருந்தது. அதன்படி, வீட்டுக்கு நாலு பேர் வந்து பேசிக்கொண்டிருக்கும்போது தலை கனத்தால் கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். ஆனால் பேச்சை விட்டு எழுந்து போக மாட்டார். கருவி இல்லாமல் அதே பேச்சைப் பிடிக்க வாயசைவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். உழைப்பு இரு மடங்காகும். சாயங்காலம் எழுந்து நிற்கவே தெம்பிருக்காது. “காது வலிக்குதா சித்தி?” என்று கேட்டால், “காதுக்கு என்ன, அது நல்லாத்தான் இருக்கு. மண்டைதான் விண்ணுன்னு கனக்குது” என்பார். எந்த அகராதியும் பார்க்காமல் அவர் சரியாகச் சொன்னார். அச்சிட்டவர்கள்தான் தவறாகச் சொன்னார்கள்.

‘செவி என்றால் கேட்கும் புலனும் ஆகுமே, இலக்கியத்தில் அப்படி வருகிறதே’ என்பார்கள். வருகிறது. ஆனால் தமிழ் மிகப் பழங்காலத்திலேயே ஒலி விழுவதையும் கேட்பதையும் பிரித்துப் பார்த்த மொழி. ‘கேட்பினுங் கேளாத் தகையவே கேள்வியால் தோட்கப் படாத செவி’ என்ற குறளில் ஒரே வினை இரண்டு பொருளிலும் நிற்கிறது: கேள்வியறிவு துளைக்காத செவி, ஒலி கேட்டாலும் கேளாச் செவிதான். இன்றைய பேச்சிலும் ‘காதில் விழுந்தது’ வேறு, ‘காது கொடுத்துக் கேட்டேன்’ வேறு. உற்றுக்கேட்டல், செவிசாய்த்தல், செவிமடுத்தல் என்று முயற்சியைக் காட்டும் வினைகள் வரிசையாக இருக்கின்றன. இத்தனை இருக்க, வினையை விட்டுவிட்டு உறுப்பின் பெயரை எடுத்து ஒட்டுவதற்கு என்ன அவசியம்?

இரண்டாவது குற்றம் ‘சோர்வு’. ஃபெட்டீக் என்று கண்டால் சோர்வு என்று எழுதுவது நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. சோர்வு என்பதில் தளர்ச்சி உண்டு, மனச்சோர்வு உண்டு, நழுவலும் உண்டு. ‘சொல்லின்கட் சோர்வு’ என்று குறள் சொல்வது பேச்சில் நேரும் பிழையை. உழைப்பு என்பது அந்தச் சொல்லுக்குள் கட்டாயம் இல்லை. ஒன்றும் செய்யாமல் படுத்திருப்பவருக்கும் சோர்வு வரும். களைப்பு அப்படியில்லை. களைப்பு என்றாலே எதையோ செய்திருக்கிறார் என்று பொருள். அது ஆறும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது: களைப்பாறுதல் என்று சொல்கிறோம், சோர்வாறுதல் என்று யாரும் சொல்வதில்லை. புதுக் கருவிக்காரருக்குத் தெரிய வேண்டியவை இந்த இரண்டும்தான். நீங்கள் உழைத்திருக்கிறீர்கள், இது ஆறிவிடும்.

‘கேட்டல் சோர்வு’ என்று எழுதுபவர்கள் பாதித் தூரம் வந்துவிட்டார்கள். வினையைப் பிடித்தார்கள், சோர்வை விடவில்லை. ‘கேட்பயர்வு’ என்று ஒன்றைத் தனித்தமிழ் நண்பர் ஒருவர் முன்வைத்தார். சொல் அழகு, சுருக்கம், புணர்ச்சியும் சரி. எனக்கும் தூய தமிழில்தான் விருப்பம். ஆனால் கேட்பு என்றால் காப்பீட்டுக்காரரிடம் கேட்கும் தொகை, கேட்பு வரைவோலை என்றால் வங்கியில் எடுக்கும் டிமாண்ட் டிராஃப்ட் என்று அலுவலகத் தமிழ் அதை ஏற்கெனவே வேறு வேலைக்கு வைத்துவிட்டது. எழுபது வயதில் முதன்முதலாகக் கருவி மாட்டுபவர் கேட்பயர்வைப் படித்து நின்று யோசிக்க வேண்டியிருந்தால், அந்தத் தூய்மையால் அவருக்குப் பயன் இல்லை. ‘செவிமடுப்புக் களைப்பு’ பொருளில் குறையில்லை. இலங்கை வாசகருக்குச் செவிமடுத்தல் அன்றாடச் சொல்லும்கூட. தமிழ்நாட்டில் அது மேடையோடு நின்றுவிட்டது.

நான் சொல்வது ‘உற்றுக்கேட்ட களைப்பு’. இப்படிச் சொல்வது தமிழுக்குப் புதிதில்லை. நடந்த களைப்பு, அலைந்த களைப்பு, நாற்று நட்ட களைப்பு என்று செய்த வேலையைப் பெயரெச்சமாக வைத்துக் களைப்பைச் சொல்வதுதான் நம் வழக்கம். ‘உற்று’ என்பது முயற்சியைச் சொல்கிறது. கேள் என்ற வினைக்கு வினவுதல் என்ற பொருளும் இருப்பதால் வரும் குழப்பத்தையும் தடுக்கிறது. நீளம் என்று குறை சொல்வார்கள். இரண்டு ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டே தமிழ்ச் சொல் என்ற கணக்கும் இதில் தவறவில்லை.

உண்மையில் நோய் இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. சொற்பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இடப்பக்கச் சொல்லுக்கு வலப்பக்கச் சொல்லைப் போடுவதே மொழிபெயர்ப்பு என்று ஆகிவிட்டது. கருவியை மாட்டிய ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேசிப் பார்ப்பதில்லை. காதொலிக் கருவியைக் குறிக்கும் ‘ஹியரிங் எய்ட்ஸ்’ என்பதை ஓர் இணையப் பக்கத்தில் ‘கேட்கும் எய்ட்ஸ்’ என்று படித்தேன். இயந்திரம் போட்டதை ஒரு மனிதர்கூடப் படித்துப் பார்க்காமல் வெளியிட்டிருக்கிறார்கள். உதவியை நோயாக்கி, அதைப் பயத்தோடு தேடி வந்தவர் முன் வைத்திருக்கிறார்கள். மருத்துவம் சார்ந்த எழுத்தில் இந்த அலட்சியத்தை மன்னிக்க முடியாது.

அந்தக் கையேட்டு வரியை இப்படி எழுதியிருக்கலாம்:

‘முதல் வாரங்களில் உற்றுக்கேட்ட களைப்பு வரும். களைப்பது உங்கள் காதல்ல, மூளை. மிகவும் களைத்துப்போகும் வரை காத்திருக்காமல், பேச்சிலிருந்தே சற்று விலகி அமைதியான அறையில் இருந்து களைப்பாறுங்கள். பேச்சு நடக்கும்போது கருவியைக் கழற்றினால் உழைப்பு கூடும். முதலில் வீட்டில், ஒருவரோடு, அவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்து பேசிப் பழகுங்கள். மிக்சியும் தொலைக்காட்சியும் ஓடாத நேரமாகப் பாருங்கள். கல்யாண மண்டபமும் பேருந்து நிலையமும் பிறகு ஆகட்டும். அணியும் நேரத்தை நாளுக்கு நாள் கூட்டுங்கள். ஒலி குத்தினாலோ காது வலித்தாலோ அது இந்தக் களைப்பு இல்லை. அளவைத் திருத்தச் சொல்லி உங்கள் ஆடியாலஜிஸ்டிடம் போங்கள்.’