வினைச்சொல் வரும்வரை: ‘டூ ஹஸ்ட்’ பாடல் இயங்கும் விதம்

பெர்லினில் 1994இல் உருவான ரம்ஸ்டைன் இசைக்குழு, 1997இல் ‘டூ ஹஸ்ட்’ என்ற ஜெர்மன் தனிப்பாடலை வெளியிட்டது. இவர்களுடைய இசைவகையான இண்டஸ்ட்ரியல் மெட்டல் (கனத்த கிதாரும் இயந்திரத்தனமான தாளமும் கலந்த ராக் இசை) என்றதும் பலரும் இரைச்சலைத்தான் நினைப்பார்கள். இப்பாடலில் இரைச்சல் பாதி வேலையைத்தான் செய்கிறது. மறுபாதியை ஜெர்மன் இலக்கணம் செய்கிறது என்பது என் கணிப்பு.

‘டூ’ என்றால் நீ. ‘ஹஸ்ட்’ என்ற ஒலிக்கோ இரு சொற்கள் உரியவை. ஒன்று, ‘உடையாய்’ என்று பொருள்தருவதோடு இறந்தகால வினைகளுக்குத் துணைவினையாகவும் வருவது. மற்றொன்று ‘வெறுக்கிறாய்’ என்பது. எழுத்தில் வேறுபடும் இவ்விரண்டும் உச்சரிப்பில் வேறுபடுவதில்லை. பாடகர் டில் லிண்டெமான் ‘நீ’ என்கிறார், நிறுத்துகிறார்; ‘நீ ஹஸ்ட்’ என்கிறார், நிறுத்துகிறார்; ‘நீ ஹஸ்ட் என்னை’ என்று நீட்டி மீண்டும் நிறுத்துகிறார். இந்த இடத்தில் ‘நீ என்னை வெறுக்கிறாய்’ என்று செவி எடுத்துக்கொள்வது இயல்பு. பிறகுதான் ‘கேட்டு’ (அதாவது ‘வினவி’) என்ற பொருளுடைய வினை வடிவம் வருகிறது; முழு வாக்கியம் ‘நீ என்னைக் கேட்டாய்’ என்று மாறிவிடுகிறது.

ஜெர்மனில் துணைவினை வாக்கியத்தின் இரண்டாம் இடத்தில் நிற்க, முதன்மை வினை கடைசியில் வருவதால்தான் நடுவே இப்படியொரு இடைவெளி திறக்கிறது. தமிழில் ‘கேட்டிருக்கிறாய்’ என்னும்போது முதன்மை வினை முந்திக்கொள்கிறது, துணைவினை அதனோடு ஒட்டியே வருகிறது. சிலேடையில் தேர்ந்த மொழி நம்முடையது என்றாலும், இந்தக் குறிப்பிட்ட வித்தைக்கு அதில் இடமில்லை.

அந்த இடைவெளியின் நீளம் முக்கியமானது. ஒரே ஒலியுடைய இரு சொற்களைக் கேட்கும்போது, இரு பொருள்களும் கணநேரம் மூளையில் ஒருங்கே விழிப்பதையும், சில நூறு மில்லிநொடிகளுக்குள் சூழலுக்குப் பொருந்தும் ஒன்று நிலைப்பதையும் மொழி உளவியல் சோதனைகள் காட்டியுள்ளன. பாடலின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 125 தட்டு; அதாவது ஒரு தட்டுக்கு 480 மில்லிநொடி. லிண்டெமான் சொற்களுக்கிடையே பல தட்டுகளைக் கடத்துவதால், கேட்பவர் ஒரு பொருளில் உறுதிகொள்ளப் போதிய அவகாசம் கிடைக்கிறது. உறுதிகொண்ட பின் திருத்திக்கொள்ள நேர்வதால்தான் அந்த வினைச்சொல் அதிர்வைத் தருகிறது.

அந்த மௌனத்தை நிரப்புவது கிதார். ஒலிபெருக்கிச் சுற்றின் எல்லைக்கு மேல் கிதாரின் மின்குறிகையை (சிக்னலை) செலுத்தும்போது அலையின் முகடும் பள்ளமும் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. மூல ஒலியில் இல்லாத மேலதிர்வெண்கள் பிறக்கின்றன. மெல்லிய ஒலிக்கும் வலிய ஒலிக்கும் உள்ள இடைவெளி சுருங்குவதால், கம்பியின் அதிர்வு தேய்ந்த பின்னும் ஓசை தேயாததுபோல் கேட்கிறது. இரு சுரங்கள் சேர்ந்து வெட்டுப்பட்டால் அவற்றின் அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும்கூட ஒலிக்கும். கிதாரின் தடித்த கம்பி 82.4 ஹெர்ட்ஸில் ஸட்ஜமாக அதிர, அதன் பஞ்சமம் சுமார் 123.5இல் அதிர்ந்தால், வித்தியாசமான 41 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே, யாரும் மீட்டாத சுரமாக எழுகிறது. மெட்டல் கிதார் காந்தாரத்தைப் பெரும்பாலும் தவிர்த்துப் பஞ்சமத்தையே நாடுவது இதனால்தான். காந்தாரத்தோடு பிறக்கும் வித்தியாச ஒலிகள் சுருதியோடு உரசிக் கலங்கலாகும்.

பிலிப் ஷ்டோல்ஸ்ல் இயக்கிய காணொளியும் விடையைத் தள்ளிப்போடுகிறது. ஒருவன் தன் காதலியைக் காருக்கருகே விட்டுவிட்டு நண்பர்களிடம் செல்கிறான். யாரைத் தேர்ந்தான் என்பது கார் வெடித்த பிறகே நமக்குத் தெரிகிறது. பாடலிலும் திருமண உறுதிமொழிக் கேள்விக்கு ‘இல்லை’ என்ற பதிலே கிடைக்கிறது.

குழு இதே பாடலை ஆங்கிலத்திலும் பதிவுசெய்தது. ஆங்கிலத்தில் இரு சொற்களும் வெவ்வேறாக ஒலிப்பதால் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது. ‘வெறுக்கிறாய்’ என்பதைத் தேர்ந்தார்கள். கிதாரின் கனம் அதில் குறையவில்லை. ஆனால் முதல் முறையிலேயே பொருள் முடிந்துவிடுவதால், சொற்களுக்கிடையே கடக்கும் அந்தத் தட்டுகளில் நாம் எதற்கும் காத்திருப்பதில்லை.