கன்னியாவில் சுருங்கிய விரல்கள்

திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போயிருந்தோம். எல்லோரும் வாளியால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருக்க, அக்காவின் மகள் மட்டும் நிறைந்த வாளி ஒன்றுக்குள் கையை விட்டபடி குந்திக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஓடி வந்து கையை நீட்டினாள். "மாமா, இங்க பாருங்க, அம்மம்மாட கை மாதிரி வந்திட்டுது!"

விரல் நுனியெல்லாம் சுருக்கம். தோல் தண்ணீரைக் குடித்து ஊதிவிடுகிறது என்றுதான் சின்ன வயதில் நானும் நினைத்திருந்தேன். ஆனால் விரலுக்குப் போகும் நரம்பு அறுந்துபோனவர்களுக்கு, எவ்வளவு ஊறினாலும் அந்த விரல் இப்படிச் சுருங்குவதில்லை. வெறும் ஊதல் என்றால் நரம்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? விரல் ஊறும்போது நரம்பு வழியாகச் செய்தி போய், நுனியிலுள்ள இரத்தக் குழாய்கள் ஒடுங்குகின்றன. உள்ளே சதை கொஞ்சம் வற்ற, மேலே தோல் மிஞ்சிப்போய் மடிகிறது. ஈரப் பொருளைப் பிடிக்க இது உதவுமா? 2013இல் பிரித்தானியாவில் சிலரைத் தண்ணீருக்குள் கிடந்த போளைகளையும் தூண்டில் ஈயக்குண்டுகளையும் எடுத்து மாற்றச் சொன்னார்கள். சுருங்கிய விரலோடு செய்தபோது வேலை சீக்கிரம் முடிந்தது. அடுத்த வருடம் வேறொரு குழு செய்து பார்த்தபோது வித்தியாசமே இல்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. கடல் தண்ணீரில் இந்தச் சுருக்கம் மெதுவாகத்தான் வரும். அடுத்த முறை உப்புவெளிக் கடலில் குளிக்கும்போது கவனித்துப் பாருங்கள்.

அவளுடைய அடுத்த கேள்விதான் கெட்டிக்காரக் கேள்வி. "அப்ப இவ்வளவு தண்ணியும் உடம்புக்குள்ள போகாதா?"

போகாது. ஏனென்றால் நீங்கள் தொட்டுப் பார்க்கிற தோலுக்கு உயிரே இல்லை.

தோலின் மேல் பகுதிக்கு மேற்றோல் என்று பெயர். அதன் அடியில் கலங்கள் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கின்றன. புதியவை பிறக்கப் பிறக்கப் பழையவை மேலே தள்ளப்படுகின்றன. மேற்றோலுக்குள் இரத்தக் குழாய் கிடையாது. ஆகவே மேலே போகப் போகச் சாப்பாடு குறையும். போகிற வழியில் கலம் தனக்குள் கெரற்றின் என்ற உறுதியான புரதத்தை நிரப்பிக்கொள்கிறது, தட்டையாகிறது, கடைசியில் செத்துப்போகிறது. நகமும் முடியும் இதே கெரற்றின்தான். திருகோணமலைக் கோட்டைக்குள் திரிகிற மான்களின் குளம்பும் அதுதான் (கொம்பு அல்ல, அது எலும்பு). செத்த கலங்கள் கல் அடுக்கியதுபோல் அடுக்கடுக்காகக் கிடக்க, இடையிலே கொழுப்பு சீமெந்து மாதிரிப் பூசியிருக்கிறது. தண்ணீரையும் பற்றீரியாவையும் மறிப்பது இந்த மதில்தான். உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் இது கொப்பித்தாளைவிட மெல்லியது. அடியில் பிறந்த கலம் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். வெந்நீரில் ஊறிய பிறகு கையைத் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் உருண்டு வருமே ஊத்தை, அதில் பெரும்பகுதி நீங்கள்தான்!

மதில் உடைந்தால் உடனே தெரியும். உரஞ்சின முழங்காலோடு கடலில் இறங்கிப் பாருங்கள், எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறும். அதே உப்புத் தண்ணீர் மற்றக் காலை ஒன்றும் செய்யாது. இரத்தம் வந்துவிட்டதென்றால் காயம் மேற்றோலைத் தாண்டி உட்தோலுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். இரத்தக் குழாய்களும் வியர்வைச் சுரப்பிகளும் முடியின் வேர்களும் அங்கேதான். இரத்தம் உறைந்து அயறு கட்டும். அதற்கடியில் புதுத் தோல் ஓரத்திலிருந்து ஊர்ந்து வந்து மூடும். அரிக்கிறது என்று அயறைப் பிய்த்தால் வேலை திரும்பவும் முதலிலிருந்து. மேற்றோலோடு நின்ற காயம் அடையாளம் இல்லாமல் ஆறிவிடும், ஆழமாக வெட்டினால் தழும்பு. என் குதிக்காலில் சிப்பி வெட்டிய தழும்பு முப்பது வருடமாக அப்படியே இருக்கிறது.

கரைவலை இழுக்கிறவர்களின் முதுகைப் பார்த்திருப்பீர்கள், வெயிலில் நன்றாகக் கறுத்திருக்கும். மேற்றோலின் அடியிலுள்ள சில கலங்கள் மெலனின் என்ற நிறப்பொருளைச் செய்து பக்கத்துக் கலங்களுக்குக் கொடுக்கின்றன. வாங்கிய கலம் அதைக் கண்டபடி போட்டு வைப்பதில்லை. தன் கருவுக்கு (கலத்தை நடத்தும் மையப் பகுதி) மேலே, வெயில் வருகிற பக்கமாகக் குடை மாதிரிப் பிடித்துக்கொள்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் கருவைக் கெடுக்காமல் இருக்கத்தான். அந்தக் குடையை வெளுக்க வைக்கிறோம் என்று கிறீம் விற்கிறார்களே, எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்ப்பதே தெரியாது. வியர்க்காமல் இல்லை, காய்ந்த காற்று உடனே உறிஞ்சிவிடுகிறது. அப்படி ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் கொண்டு போகிறது. உதட்டில் வியர்வைச் சுரப்பியும் இல்லை, மதிலும் மெல்லியது. அதனால்தான் கச்சானுக்கு முதலில் வெடிப்பது உதடு. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கொழுப்புப் படை, விழுந்தால் தாங்கும் மெத்தை.

இதற்குள் அவளுக்கும் தம்பிக்கும் சண்டை. ஏழு கிணற்றுத் தண்ணீரும் ஒரே சூடு இல்லை. ஒரு கிணற்றுத் தண்ணீரைத் தொட்டு அவள் "சுடுது" என்றாள், அவன் "இல்ல, குளிருது" என்றான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவன் வந்தது அதைவிடச் சூடான கிணற்றிலிருந்து, அவள் வந்தது சூடு குறைந்த கிணற்றிலிருந்து. தோலிலுள்ள நரம்பு நுனிகள் வெப்பமானி மாதிரி எண் சொல்வதில்லை. முன்பு இருந்ததைவிடக் கூடிற்றா, குறைந்ததா என்றுதான் அதிகம் சொல்கின்றன. வந்த கிணறுகளை மாற்றித் தொட்டுவிட்டு, திரும்ப இதைத் தொடச் சொன்னேன். இப்போது அவள் குளிர் என்றாள், அவன் சூடு என்றான். சண்டை ஓயவில்லை.

திரும்பி வரும்போது ஓட்டோவில் அவள் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரத்தக் குழாய்கள் விரிந்து, நுனியெல்லாம் பழையபடி வழுவழுப்பாகிவிட்டது. "போச்சு மாமா," என்றாள். வீட்டில் அம்மம்மாவிடம் காட்ட வைத்திருந்தாளாம்.