மொரால்: ஒழுக்கமா, உளவுரணா, படைச்செருக்கா?

இங்கே சிங்கப்பூரில் பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு தினத்துக்காக அக்கா மகன் தமிழில் ஒரு படைப்பு தயாரித்துக்கொண்டிருந்தான். "மாமா, கொஞ்சம் பாருங்க" என்று அனுப்பிய பக்கத்தில், 1942இல் சிங்கப்பூர் விழுந்தபோது "இந்தியப் படையினரின் ஒழுக்கம் மிகவும் குலைந்திருந்தது" என்று ஒரு வரி இருந்தது. பையன் சொல்ல வந்தது மொரால் (morale), அதாவது ஒரு படையின் மனநிலை, தெம்பு. ஆங்கிலத்தில் அதைப் படித்துவிட்டு அகராதியில் பக்கத்துச் சொல்லான, ஒழுக்கத்தைக் குறிக்கும் மாரலைப் (moral) பிடித்துவிட்டான், அவ்வளவுதான். ஆனால் தமிழில் படிப்பவருக்கு அந்த வரி என்ன சொல்கிறது? அந்தச் சிப்பாய்கள் குடிகாரர்கள், நடத்தை கெட்டவர்கள் என்று சொல்கிறது. சோறு தண்ணீர் சரியாக இல்லாமல், மேலே விமானத் துணையும் இல்லாமல், மலாயா முழுக்கப் பின்வாங்கி நடந்து வந்தவர்களுக்கு ஒரு சொல்லால் இப்படி அநியாயம் நடக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சொல்லின் பிறப்பு. லத்தீனில் வழக்கம், பழக்கம் என்ற பொருளில் இருந்த சொல்லிலிருந்து பிரெஞ்சுக்கு வந்தது. பிரெஞ்சில் வாலில் 'இ' (e) எழுத்து இல்லாத வடிவம் மனநிலையையும், 'இ' உள்ள வடிவம் அறநெறியையும் குறிக்கும். ஆங்கிலேயர்கள் மனநிலை என்ற பொருளை எடுத்துக்கொண்டு, 'மொரால்' என்று பின்பகுதியை அழுத்தி உச்சரிக்க வேண்டும் என்பதற்காக 'இ'யையும் ஒட்டிவிட்டார்கள். ஆக, பிரெஞ்சுக்காரருக்கு எது அறநெறியோ அதன் எழுத்துக்கூட்டு ஆங்கிலத்தில் படையின் மனநிலையைக் குறிக்கிறது. பையன் குழம்பியதில் தப்பே இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்கிறோம்? செய்திகளில் பெரும்பாலும் 'மன உறுதி', பழைய ஆட்கள் 'மனோபலம்', 'மனோதிடம்' என்பார்கள். மூன்றும் தவறில்லை, ஆனால் மூன்றிலும் ஒரே குறை: அவை தனி ஆளைப் பற்றியவை. பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும் மன உறுதி வேண்டும், ஆபரேஷனுக்குப் போகிற பாட்டிக்கும் வேண்டும். மொரால் ஒரு கூட்டத்தின் சொத்து. ஆயிரம் பேரில் ஒவ்வொருவனும் தைரியசாலியாக இருந்தும், பக்கத்தில் நிற்பவன் மேலும் முன்னால் நிற்பவன் மேலும் நம்பிக்கை போய்விட்டால் அந்தப் படைக்கு மொரால் இல்லை. ஈழத்தமிழர்கள் 'உளவுரண்' என்று எழுதுகிறார்கள். உளம், உரம் இரண்டும் தெரிந்தவருக்குப் பார்த்ததுமே புரிகிற, போரை நேரில் பார்த்த மக்களிடம் புழங்கிய சொல். அதை நாம் இங்கேயும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னாலேயே வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்குத் தலைப்பாகவே வைத்த சொல் ஒன்று இருக்கிறது: படைச்செருக்கு. இன்று செருக்கு என்றால் திமிர், அகங்காரம். வள்ளுவரே "யான் எனது என்னும் செருக்கு" என்று அந்தப் பொருளிலும் சொல்லியிருக்கிறார். பழைய பொருளில் களிப்பும் உண்டு, உள்ளத்தில் பொங்குகிற மிடுக்கும் உண்டு. முன்னால் 'படை' ஒட்டியதும் அது ஒருவனின் திமிராக இல்லாமல் மொத்தப் படையின் மிடுக்காக மாறிவிடுகிறது பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

அது எதனால் குலையும் என்பதற்கு அதற்கு முந்தைய அதிகாரத்தில் பதில் இருக்கிறது. "சிறுமையும் செல்லாத் துனியும் வறுமையும் இல்லாயின் வெல்லும் படை." சிறுமை என்றால் ஆள் விட்டுப்போய்ப் படை தேய்வது. துனி என்றால் வெறுப்பு, செல்லாத் துனி மனதை விட்டுப் போகாத வெறுப்பு. பரிமேலழகர் இதற்குச் சிப்பாயைக் குறை சொல்லவில்லை. படை தேய்வதும் வறுமையும் அரசன் பொருள் கொடுக்காததால் வருபவை, தீராத வெறுப்பு அவன் இழிவு செய்வதால் வருவது என்று பழியை மேலே ஏற்றுகிறார். இன்றைக்கும் மொராலுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது.

1942 பிப்ரவரி 17ஆம் தேதி ஃபேரர் பார்க் திடலில் நடந்ததை இந்தக் குறளோடு வைத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் தரப்பு சரணடைந்து இரண்டே நாள். பிரிட்டிஷ் அதிகாரிகளைத் தனியே பிரித்துவிட்டு, 40,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை அங்கே உட்காரவைத்து, ஒரு பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். ஃபுஜிவாரா அவர்களை, ஜப்பானியர் பக்கம் சேர்ந்திருந்த இந்திய அதிகாரி கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். நேற்றுவரை உத்தரவிட்டவர்கள் தங்களைக் கைமாற்றியதை அந்தச் சிப்பாய்கள் கண்ணால் பார்த்தார்கள். "தலைமக்கள் இல்வழி இல்", தலைவர்கள் இல்லாவிட்டால் படையே இல்லை என்று அதே அதிகாரத்தின் கடைசிக் குறள் சொல்கிறதே, அது. பிறகு பலர் பிரிட்டிஷாரை எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், பலர் மறுத்துச் சிறைப்பட்டார்கள். பகைவர் உள்ளுக்குள் புகுந்து ஒரு படையைத் தம் பக்கம் இழுப்பதைக் குறள் 'அறைபோதல்' என்கிறது. அந்தச் சொல்லைத் தூக்கி இவர்கள் மேல் வீச என் மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் சேர்ந்தவருக்கும் ஒரு நாடு இருந்தது, மறுத்தவருக்கும் ஒரு வாக்கு இருந்தது.

மொராலோடு ஒட்டிக்கொண்டே வருகிற இன்னொரு சொல் டிசிப்ளின். லத்தீனில் மாணவன் என்ற சொல்லிலிருந்து வந்தது, அடிப்படையில் கற்றுப் படிந்த பழக்கம். இங்கே பள்ளியில் 'கட்டொழுங்கு' என்கிறோம், நல்ல சொல். வெறும் 'கட்டுப்பாடு' என்றால் வெளியிலிருந்து கட்டுவது மட்டும்தான் தெரிகிறது. குறள் படைக்குக் காவல் என்று நான்கைச் சொல்லும்போது "மாண்ட வழிச்செலவு" என்று ஒன்றைச் சேர்க்கிறது. அதாவது முன்னோர் நடந்த நல்வழியில் நடப்பது. பிரம்படியே இல்லாத டிசிப்ளின் அது.

அதற்குச் சாட்சி சாங்கிப் பக்கம் செலராங் முகாம். 1942 ஆகஸ்ட் கடைசியில், தப்பியோட மாட்டோம் என்று எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஜப்பானியர்கள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளிடம் கேட்டார்கள். கைதிகள் மறுத்தார்கள். செப்டம்பர் 2ஆம் தேதி, தப்பிப் பிடிபட்ட நான்கு பேரைச் சாங்கிக் கடற்கரையில் சுட்டார்கள். அதில் கார்ப்பரல் பிரெவிங்டன், தன்னோடு வந்த இளையவனை நான்தான் உத்தரவு போட்டு அழைத்துப்போனேன், அவனை விட்டுவிடுங்கள் என்று மன்றாடினார். விடவில்லை. அன்றே 15,000க்கும் மேற்பட்டவர்களை, ஏறத்தாழ ஆயிரம் பேருக்குக் கட்டிய அந்தப் பாசறையில் அடைத்தார்கள். தண்ணீருக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய குழாய்கள். அணிவகுப்புத் திடலின் தாரைத் தாங்களே கொத்திப் பெயர்த்துக் கழிப்பறைக் குழி தோண்டினார்கள். வயிற்றுப்போக்கும் தொண்டை அடைப்பானும் பரவி ஆட்கள் சாவார்கள் என்று தெரிந்ததும், கைதிகளின் தலைமை அதிகாரி ஹோம்ஸ் கையெழுத்துப் போடுங்கள் என்று தானே உத்தரவு பிறப்பித்தார். கட்டாயத்தில் போடுவதால் அது யாரையும் கட்டாது. ஆக, அவனவன் பயந்து போட்ட கையெழுத்தாக இல்லாமல், படை உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து போட்ட கையெழுத்தாக அது ஆகிவிட்டது. சிலர் ஆஸ்திரேலியக் கொள்ளைக்காரன் நெட் கெல்லி பெயரிலும் போட்டார்கள்.

இப்போது அதே செலராங்கில் நம் ராணுவ முகாம் இருக்கிறது. 'செடியா' (நேராக நில்), 'செனாங் டிரி' (தளர்ந்து நில்) என்று மலாய்க் கட்டளை கேட்டு நிற்கிற நம் பிள்ளைகளுக்கும் இந்தச் சொற்கள் வேண்டும்.

பையனின் வரியை இருவரும் உட்கார்ந்து திருத்தினோம். "இந்தியப் படையினரின் உளவுரண் மிகவும் குலைந்திருந்தது." அடுத்த பக்கத்தில் செலராங் வந்தது. அங்கே மட்டும் "நான்கு நாள் அடைத்துவைத்தும் படைச்செருக்குக் குலையவில்லை" என்று போடச் சொன்னேன். டீச்சர் செருக்கு என்றால் திமிர்தானே என்று கேட்டால் என்ன சொல்வது என்றான். 78ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டு என்றேன்.