துளசித் தொட்டியை வெளியே வைத்துவிட்டுக் கொசுவத்தி ஏற்றும் வீடு

சென்ற மழைக்காலத்தில் தண்டையார்பேட்டையில் உள்ள என் சிகிச்சையகத்துக்கு ஓர் ஆயாவும் பேத்தியும் வந்தார்கள். ஆயா மீன் விற்பவர், அறுபதைக் கடந்தவர். நள்ளிரவு தாண்டி ஒரு மணி, இரண்டு மணிக்கெல்லாம் இளைப்பு எடுத்து எழுந்து உட்கார்ந்துவிடுவதாகச் சொன்னார். பிளஸ் ஒன் படிக்கும் பேத்தி அதற்கான காரணத்தைத் தானே கண்டுபிடித்து, வைத்தியத்தையும் தொடங்கியிருந்தாள். "செடியெல்லாம் ராத்திரியில கார்பன் டை ஆக்சைடு விடும்னு புக்ல இருக்கு டாக்டர். அதான் துளசித் தொட்டியையும் மணி பிளான்ட்டையும் தெனம் ராத்திரி வெளிய எடுத்து வச்சிடறேன். அப்பவும் ஆயாவுக்கு இளைப்பு நிக்கல."

அவர்கள் படுக்கும் அறையைப் பற்றிக் கேட்டேன். பத்தடிக்குப் பத்தடி அறை. நான்கு பேர் படுக்கிறார்கள். இருக்கும் ஒரே சன்னலைக் கொசுவுக்குப் பயந்து மாலை ஆறு மணிக்கே சாத்திவிடுகிறார்கள். கட்டிலுக்கு அடியில், ஆயாவின் தலைமாட்டுக்கு நேர் கீழே, இரவு முழுதும் ஒரு கொசுவத்திச் சுருள் எரிகிறது. செடியை வெளியேற்றிய கை சுருளை மட்டும் உள்ளேயே விட்டுவைத்திருந்தது.

இந்த வீட்டின் கதை எனக்குப் புதிதன்று. ராயபுரத்திலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வரும் குடும்பங்களிடம் இதே அச்சத்தைப் பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன். ஆகவே அந்தப் பெண்ணுக்கு அன்று நான் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

பாடநூல் சொல்வது சரிதான். தாவரமும் நம்மைப் போலவே இரவும் பகலும் சுவாசிக்கிறது. ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதைவிடப் பன்மடங்கு வேகத்தில் எதிர்த்திசையில் நடப்பதால் சுவாசம் வெளியே தெரிவதில்லை. இருட்டியதும் சுவாசம் மட்டுமே எஞ்சுகிறது. எவ்வளவு என்பதுதான் வகுப்பில் விட்டுப்போகும் கேள்வி. ஓய்வாகப் படுத்திருக்கும் ஒரு பெரியவர் நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லி லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார். ஒரு சின்னத் துளசித் தொட்டி இரவெல்லாம் விடுவதைத் திரட்டினாலும், பக்கத்தில் படுத்திருப்பவர் சில நிமிடங்களில் விடும் அளவை எட்டாது. அந்தப் பத்துக்குப் பத்து அறையில் காற்றைக் கனமாக்குவது அங்கே படுத்திருக்கும் நான்கு பேரின் மூச்சுதான். அவர்களைத் தொட்டியைப் போல வெளியே எடுத்து வைக்க முடியாது, சன்னலைத் திறக்கத்தான் முடியும். எட்டடி உயரமுள்ள அத்தகைய அறை ஏறத்தாழ 22,000 லிட்டர் காற்றைக் கொள்ளும். காற்று சிறிதும் போக வர வழியில்லாமல் அதை அடைத்தால், நால்வரும் எட்டு மணி நேரத்தில் விடும் கார்பன் டை ஆக்சைடு அறைக்காற்றில் ஒன்றரை விழுக்காட்டைத் தாண்டிவிடும். வெளிக்காற்றில் அது வெறும் 0.04 விழுக்காடு. எந்த வீடும் அந்த அளவுக்கு அடைபட்டதன்று, கதவிடுக்கு ஒன்றே நம்மைக் காப்பாற்றிவிடும் என்பது உண்மை. ஆனால் விடிகாலையில் தலை கனத்து எழுவதற்குக் காரணம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

இதே அறியாமையின் மறுபக்கமும் உண்டு. துளசியும் அரசமரமும் இரவிலும் ஆக்சிஜன் விடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நோயாளிகள் என்னிடம் கைப்பேசியிலேயே காட்டியிருக்கிறார்கள். ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்சிஜன், ஒளியின் ஆற்றலால் நீர் மூலக்கூறு பிளக்கப்படும்போது வருவது. ஒளி இல்லையென்றால் எந்தச் செடியிலும் அது இல்லை. சப்பாத்திக்கள்ளி, சோற்றுக்கற்றாழை போன்றவை இரவில் துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளே வாங்கிச் சேமித்துக்கொள்கின்றன. அவையும் ஆக்சிஜனைப் பகலில்தான் தருகின்றன. தொட்டிச் செடி அறைக்காற்றைச் சுத்தம் செய்யும் என்னும் நம்பிக்கைக்கு, 1989இல் நாசா மூடிய சிறு பெட்டிகளுக்குள் செய்த சோதனை ஒரு முக்கியக் காரணம். திறந்து மூடும் சன்னல் உள்ள சாதாரண வீட்டில் அதே பலன் கிடைக்கச் சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று பிற்காலத்தில் அந்தச் சோதனைகளை மறுபடி அலசியவர்கள் கணக்கிட்டார்கள். செடி அழகுக்கும் மனநிறைவுக்கும் இருக்கட்டும். மருத்துவராக நான் அதை வாங்கச் சொல்லவும் மாட்டேன், வெளியேற்றச் சொல்லவும் மாட்டேன்.

புளியமரத்தடியில் இரவு படுத்தால் பேய் அமுக்கும் என்பதற்கும் சிலர் இந்தக் கார்பன் டை ஆக்சைடையே காரணமாகச் சொல்கிறார்கள். திறந்தவெளியில் காற்று கலந்துகொண்டே இருப்பதால் அது பொருந்தாது. அமுக்குவது, உறக்கத்தில் தளர்ந்த தசைகள் விழிக்கும் முன்பே மனம் விழித்துக்கொள்ளும் ஒரு நிலை. கூரைக்குக் கீழே மெத்தையில் படுத்தவருக்கும் வரும்.

இலைக்கும் நுரையீரலுக்கும் உள்ள ஒற்றுமைதான் என்னை இத்தனை ஆண்டுகளாக வியக்க வைப்பது. வாயு உயிரணுவுக்குள் நுழைய வேண்டுமானால் அது முதலில் ஈரமான, மிக மெல்லிய ஒரு பரப்பில் கரைய வேண்டும். இலை அந்த ஈரப் பரப்பை உள்ளே மறைத்து, வெளியே இலைத்துளைகள் என்னும் வாசல்களை வைத்திருக்கிறது. ஒவ்வொரு வாசலுக்கும் அவரை விதை வடிவில் இரண்டு காப்புச் செல்கள் காவல். பொட்டாசியம் அயனிகள் உள்ளே புகுந்ததும் அவற்றைத் தொடர்ந்து நீரும் புகுகிறது, செல்கள் உப்பி வளைகின்றன, இடையில் துளை திறக்கிறது. நீர் வற்றினால் அவை தளர்ந்து துளை மூடிக்கொள்கிறது. கார்பன் டை ஆக்சைடு வேண்டி வாசலைத் திறந்தால் தண்ணீர் ஆவியாகப் போகிறது. தண்ணீரைக் காக்க மூடினால் பசி. சித்திரை வெயிலில் நண்பகலில் பல மரங்கள் துளையை மூடிக்கொண்டு பட்டினி கிடப்பது இதனால்தான். அந்தப் பெண்ணிடம் ஒரு வேலை சொன்னேன்: செம்பருத்தி இலையின் அடிப்பக்கத்தில் நிறமற்ற நகப்பூச்சை மெல்லத் தடவி, உலர்ந்தபின் ஒட்டுநாடாவால் உரித்து, பள்ளி நுண்ணோக்கியில் பார். வாசல்களும் காவலர்களும் அச்செடுத்தாற்போல் தெரியும்.

நம் உடலில் அந்த ஈரப் பரப்பு மார்புக்குள் இருக்கிறது. மூச்சுக்குழல் இரண்டாகவும், அவை மேலும் இரண்டிரண்டாகவும் ஏறத்தாழ 23 முறை கிளைத்து, 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகளில் முடிகின்றன. அவற்றை எல்லாம் விரித்துப் போட்டால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது 750 சதுர அடி. ஆயா படுக்கும் அறையைப் போல ஏழரை அறைகளின் தரை அவருடைய மார்புக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சுவரோ, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கைவிட மெல்லியது. அந்தச் சுவரோரம் இரத்தம் நிற்கும் நேரம் முக்கால் விநாடி. அதற்குள் ஆக்சிஜன் உள்ளே போகிறது, கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது. இலையில் ஒவ்வொரு செல்லுக்கும் அருகிலேயே காற்றிடம் இருப்பதால் அதற்கு இரத்தமும் வேண்டாம், உதரவிதானம் போன்ற துருத்தியும் வேண்டாம். நமக்கு இரண்டும் வேண்டும்.

கொசுவத்திப் புகையின் தீங்கு இந்த மெல்லிய சுவரில்தான் இருக்கிறது. பெரிய தூசியை மூக்கு பிடித்துக்கொள்ளும், நடுத்தரமானதைக் குழல்களில் உள்ள நுண்ணிழைகள் சளியோடு மேலே தள்ளிவிடும். இரண்டரை மைக்ரோமீட்டருக்கும் குறைவான துகள் நேராக நுண்ணறைக்கே போய்விடும், அங்கே பெருக்கித் தள்ள நுண்ணிழை கிடையாது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்கு இத்தகைய நுண்துகளை விடுகிறது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. பீடியைத் தொட்டதே இல்லை என்று சத்தியம் செய்யும் எத்தனையோ பெண்களின் மார்பில் புகைபிடிப்பவர்களின் நோயை நான் கேட்டிருக்கிறேன். விறகடுப்பும் சுருளும் சாம்பிராணியும்தான் அதற்கு விளக்கம்.

சாம்பிராணி என்றதும் சில பாட்டிமார் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் காட்டும் புகையைப் பற்றி நான் பேசவில்லை, அதுவும் சன்னல் திறந்திருந்தால். குளிப்பாட்டிய கைக்குழந்தையைக் கூடையின் மேல் பிடித்துத் தலை காய வைக்கும் வழக்கத்தைத்தான் விட்டுவிடச் சொல்கிறேன். குழந்தையின் நுண்ணறைகள் பிறந்த பிறகும் பெருகி வளர்ந்துகொண்டே இருப்பவை. தணலில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்வது. மெல்லிய துண்டால் ஒற்றி எடுத்தால் தலை காய்ந்துவிடும்.

ஆயாவுக்கு இருந்தது ஆஸ்துமா. அதில் நுண்ணறைச் சுவர் கெடுவதில்லை; அதற்குப் போகும் குழல்கள் வீங்கிச் சுருங்கிவிடுகின்றன. "மூச்சு உள்ள போகல" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், ஆனால் பெரும்பாலும் திணறுவது வெளியே விடுவதற்கு. அந்த விசில் சத்தம் வெளிமூச்சில்தான் ஓங்கிக் கேட்கும். பின்னிரவில் எவருக்குமே குழல்கள் சற்றுச் சுருங்கும், ஆஸ்துமாக்காரருக்கு அது கூடுதல். அந்த நேரத்தில் தலைமாட்டுச் சுருள் பாதிக்கு மேல் எரிந்து முடிந்திருக்கும். இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் கருவி 97 காட்டுகிறதே என்று இருந்துவிடக் கூடாது. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு அறுந்தாலோ, கழுத்துத் தசைகள் இழுத்தாலோ 108ஐ அழைக்க வேண்டும்.

"பம்ப் அடிச்சா பழக்கமாயிடுமாமே?" என்று ஆயாவும் கேட்டார். இன்ஹேலரில் ஒருமுறை அழுத்தினால் வரும், குழலை விரிக்கும் மருந்தான சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம். மாத்திரையில் இருப்பது 2 மில்லிகிராம், அதைவிட 20 மடங்கு. மாத்திரை உடல் முழுதும் சுற்றி நெஞ்சைப் படபடக்க வைத்துவிட்டுக் கொஞ்சம்தான் குழலுக்குப் போகிறது. இன்ஹேலர் நேராகக் குழலுக்கே போகிறது. அதையும் ஸ்பேசர் என்னும் இடைக்குழாய் வைத்து இழுத்தால்தான் மருந்து தொண்டையில் தங்காது. வீக்கத்தைத் தணிக்கும் மருந்தைத் தினமும் தவறாமல் எடுக்க வேண்டும் என்பதைப் புரிய வைக்க மட்டும் மூன்று முறை பேச வேண்டியிருந்தது.

வெளியிலிருந்து வருவதை நம்மால் சன்னல் சாத்தித் தடுக்க முடியாத இரவுகளும் இந்தப் பக்கத்தில் உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அமோனியா நீரில் மிக எளிதில் கரைவது. அதனால் கண், மூக்கு, தொண்டை என்று ஈரம் இருக்கும் முதல் இடத்திலேயே கரைந்து எரிக்கிறது, அந்த எரிச்சலே எச்சரிக்கையாகவும் ஆகிறது. அத்தகைய நேரத்தில் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, புகை வரும் திசைக்குக் குறுக்காக நகர வேண்டும். காற்றடிக்கும் பக்கமாகவே ஓடினால் வாயுவும் கூடவே வரும். எரியும் கண்ணைத் தண்ணீரால் 15 நிமிடமாவது கழுவ வேண்டும்.

அதே மாதம், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அங்குள்ள அலையாத்தி மரங்களின் வேர் ஆக்சிஜனே இல்லாத சேற்றில் புதைந்திருப்பதால், சேற்றுக்கு மேலே ஆணி அடித்தாற்போல் சுவாச வேர்களை நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வேர்களின் பட்டைத்துளைகள் வழியாகத் கடல்நீர் வடியும்போது காற்று உள்ளே இறங்கும். அவற்றின் மேல் எண்ணெய் பூசினால் மரத்துக்கு மூச்சு முட்டும். கரும்படலம் ஒட்டிய அந்த வேர்களின் படத்தைப் பார்த்தபோது, சளி அடைத்த குழல்களின் படம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆயா ஒன்றரை மாதம் கழித்து வந்தார். கொசுவலை கட்டியிருக்கிறார்கள், சன்னலுக்கு வலையடித்து இரவில் திறந்தே வைக்கிறார்கள். மூன்று மணிக்கு எழுகிறாராம். நான் கவலையோடு நிமிர்ந்ததும் பேத்தி சிரித்தாள்: காசிமேட்டில் மீன் எடுக்க அவர் எப்போதும் எழும் நேரம் அதுதான். துளசித் தொட்டி உள்ளே வந்துவிட்டதா என்று கேட்டேன். வந்துவிட்டதாம், ஆனால் அதன் அடியில் வைத்த தட்டில் தேங்கிய தண்ணீரில் புழு நெளிவதைக் கண்டு தட்டைக் கவிழ்த்துவிட்டாளாம். நல்ல வேலை என்றேன். இரவில் கடிப்பது பெரும்பாலும் சாக்கடையிலும் கால்வாயிலும் வளரும் கொசு. தட்டில் வளர்வது பகலில் கடித்து டெங்கு பரப்பும் ஏடிஸ். அந்தத் துளசியின் மேல் சுமத்தக்க குற்றம் என்று ஒன்று இருந்ததென்றால், அது அந்தத் தட்டுதான்.