ஸ்கிரீனுக்குப் பின்னாடி உருண்ட நாலு டைஸ்

சனி ஞாயிறுல காசு வாங்கிட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் டேபிள் நடத்துறது என் தொழில், ஆளுக்கொரு கேரக்டரா டைஸ் உருட்டி ஒரு கதைக்குள்ள விளையாடுற ஆட்டம் அது. கதை சொல்றது, அரக்கனா நடிக்கிறது, நடுவரா உக்கார்றது எல்லாமே ஒரே ஆளு, அவருக்குப் பேரு கேம் மாஸ்டர், சுருக்கமா ஜிஎம். புதுசா ஜிஎம் ஆகுறவங்க என்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்குறது ஒண்ணுதான், ரூல் புக்கை எவ்வளவு பிடிச்சுக்கணும், எங்க நம்ம மனசுக்குப் பட்டதைச் சொல்லலாம்? இதுக்கு நான் உருப்படியா பதில் சொல்ல ஆரம்பிச்சதே ஒரு தடவை நல்லா சொதப்பினதுக்கு அப்புறம்தான்.

ரெண்டாவது லெவல் பார்ட்டி, அதாவது இன்னும் கத்துக்குட்டி கேரக்டருங்க கூட்டம், 2014 எடிஷன் ரூல்ஸ். காட்டுப் பாலத்துல ஒரு ஓகர், பெரிய ராட்சசன். கல்லூரிப் பையன் ஒருத்தனோட விஸார்டுக்கு, அதாவது மந்திரவாதி கேரக்டருக்கு, உயிர்க் கணக்கான ஹிட் பாயின்ட் முழுசுமே 12தான், அதுல 9 மிச்சம். நான் ஓகருக்கு டி20, அதாவது 20 முக டைஸ், உருட்டுறேன், என் உருட்டலை மறைக்கற அட்டை ஸ்கிரீனுக்குப் பின்னாடி, 20 விழுது. கிரிட்டிக்கல், டேமேஜ் டைஸ் ரெட்டிப்பு. வழக்கமா டேமேஜுக்கு ரெண்டு டி8 உருட்டி 4 கூட்டணும், கிரிட்னா நாலு டி8. உருட்டினேன், மொத்தம் 23. 9 போக 14 மீதி, அந்த மீதி முழு ஹிட் பாயின்ட்டுக்கு சமமாவோ மேலேயோ இருந்தா பிழைக்க உருட்டுற டெத் சேவ் எல்லாம் கிடையாது, அந்த நிமிஷமே சாவு. பையனுக்கு இது மூணாவது செஷன், கேரக்டருக்கு நாலு பக்கம் கதை எழுதி வேற கொண்டு வந்திருந்தான், இதுல காசு வேற குடுத்திருக்கான், அடுத்த வாரம் வரமாட்டானோன்னு ஒரு பயம், எல்லாம் சேர்ந்து என் வாய் "15 டேமேஜ், மயங்கி விழுந்துட்ட"ன்னு சொல்லிடுச்சு.

செஷன் முடிஞ்சு எல்லாரும் கிளம்பினப்புறம் அவன் மட்டும் நின்னு, "அண்ணா, நாலு டைஸ் சத்தம் கேட்டுச்சே, கிரிட்தானே?"ன்னான்.

கோவமெல்லாம் இல்ல அவனுக்கு. ஆனா அடுத்தடுத்த செஷன்ல அந்த டேபிளைப் பாக்கணுமே, யாரும் பின்வாங்கவே இல்ல, ஹீலிங் போஷன் வாங்கவே இல்ல, நேரா போய் முட்டுனாங்க, ஏன்னா அண்ணா பாத்துப்பாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அவனைக் காப்பாத்துறேன்னு நினைச்சு மத்த நாலு பேரோட பயத்தையும் சேர்த்து எடுத்துட்டேன். காசு வாங்கி நடத்துறவங்களுக்கு இந்த சபலம் ரொம்ப ஜாஸ்தி, கஸ்டமர் முகம் வாடக்கூடாதுல்ல.

இதுக்காக "அப்ப ரூல் புக்தான் வேதம்"னு போனாலும் ஆட்டம் செத்துடும். இது இன்னைக்கு வந்த சண்டை இல்லைங்க. 1824ல பிரஷ்யா ராணுவத்துல ரைஸ்விட்ஸ்னு ஒரு அதிகாரி மேப், டைஸ், கணக்கு டேபிள், நடுவர் எல்லாம் வச்சு கிரீக்ஸ்ஷ்பீல்னு ஒரு போர் விளையாட்டு கொண்டு வந்தாரு, அதிகாரிகளுக்குப் பயிற்சி. போகப் போக டேபிள் பாத்து கணக்குப் போடுறதுலயே நேரம் போகுதுன்னு புலம்பல். 1876ல வெர்டி டு வெர்னுவான்னு இன்னொருத்தர் வந்து அந்தக் கணக்கையெல்லாம் தூக்கிட்டு, அனுபவசாலி நடுவர் சொல்றதே முடிவுன்னு மாத்தினாரு. வேகம் வந்துச்சு, கூடவே "இவரு இஷ்டத்துக்கு சொல்றாரு"ங்கற புகாரும் வந்துச்சு. ஆக 1974ல கைகாக்ஸும் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை மூணு சின்ன புக்கா போடுறதுக்கு கிட்டத்தட்ட நூறு வருஷம் முன்னாடியே இந்தப் பஞ்சாயத்து இருந்திருக்கு.

என் அனுபவத்துல தீர்ப்புக்கான இடம் டைஸ் உருள்றதுக்கு முன்னாடிதான். உருண்டதுக்கு அப்புறம் வாயை மூடிக்கணும். உருட்டலாமா வேணாமா, எந்த டிசி, அதாவது ஜெயிக்க எட்ட வேண்டிய நம்பர், தோத்தா என்ன ஆகும், இதையெல்லாம் முன்னாடியே சத்தமா சொல்லிடணும், அப்புறம் என்ன விழுந்தாலும் அதுதான். பாலத்துல நான் யோசிச்சிருக்க வேண்டியதும் முன்னாடிதான். ரெண்டாவது லெவல் ஆளுங்க முன்னாடி ஓகரை நிறுத்துறேன்னா இது ஒரே அடியில ஆளைக் கொல்லும்னு ஒரு உடைஞ்ச வண்டியையோ நசுங்கின ஹெல்மெட்டையோ காட்டியிருக்கலாம், ஓகர் மொதல்ல சாப்பாட்டு மூட்டையைக் கேட்டு மிரட்டியிருக்கலாம். அதெல்லாம் ஜிஎம்மோட உரிமை, யாரும் ஏமாத்துன்னு சொல்ல முடியாது.

இன்னொரு சொதப்பல், இது சின்னது. ஒருத்தர் ராஜாகிட்ட போய் "கிரீடத்தை எனக்குக் குடுங்க"ன்னு பேசுறாரு, நானும் சிரிச்சிட்டே "சரி உருட்டுங்க"ன்னுட்டேன். 20. டேபிளே கத்துது. அந்த எடிஷன் ரூல்ல 20 விழுந்தா தானா ஜெயிக்கறது அட்டாக்குக்கு மட்டும்தான், பேசி மசிய வைக்கற இந்த மாதிரி உருட்டலுக்கு இல்ல, ஆனா அதை அப்ப விளக்கினா நான்தான் வில்லன். நடக்கவே நடக்காத விஷயத்துக்கு டைஸ் கேட்டது என் தப்பு. கேக்கறதா இருந்தா "கிரீடம் கிடைக்காது, நல்லா விழுந்தா ராஜா இதை ஜோக்கா எடுத்துப்பாரு, இல்லன்னா ஜெயில்"னு மொதல்லயே சொல்லியிருக்கணும்.

சரி, புக்ல இல்லாதது வந்தா? வரும், வாரா வாரம் வரும். ஒரு பொண்ணு மாடிப்படிக்கு மேல இருக்குற தரையில எண்ணெய் ஊத்துறேன், ஓடி வர்ற கோப்ளின்ங்கற குட்டி அரக்கன் வழுக்கி விழணும்ங்கறா. புக்ல எண்ணெய்க்கு எரியற ரூல்தான் இருக்கு, வழுக்கற ரூல் இல்ல. இந்த இடத்துல காத்துல இருந்து நம்பரைப் பிடிக்காம, இதோட சொந்தக்காரன் யாருன்னு புக்ல தேடுவேன். பால் பேரிங்ங்கற குட்டி உருண்டைங்க இருக்கு, தரையில கொட்டினா டெக்ஸ்டெரிட்டி சேவ், அதாவது சுறுசுறுப்பா தப்பிக்க ஒரு உருட்டு, டிசி 10, தோத்தா விழணும், பாதி வேகத்துல மெதுவா நடந்தா சேவ் வேண்டாம். அதையே எண்ணெய்க்கும் வச்சேன். தரையை வழுக்க வைக்கற கிரீஸ்னு ஒரு ஸ்பெல்லும், அதான் மந்திரமும், இருக்கு, அதை ஏன் எடுக்கலன்னா, ஒரு வெள்ளிக் காசுக்குக் கிடைக்கற எண்ணெய் அந்த ஸ்பெல் வேலையை முழுசா பாத்துட்டா, பக்கத்துல மந்திரம் போடற வாய்ப்பான ஸ்பெல் ஸ்லாட்டை எண்ணி எண்ணி செலவு பண்ற விஸார்டு என்னத்துக்கு உக்காந்திருக்கான்? ஒருத்தருக்குத் தாராளமா குடுக்கறப்ப இன்னொருத்தர் இலையில இருந்து எடுக்கறோமான்னு பாத்துக்கணும்.

சொன்னதை நோட்டுல எழுதிடுவேன், தேதியோட. ரெண்டு மாசம் கழிச்சு கோப்ளின்கள் இவங்க மேலயே எண்ணெய் ஊத்துச்சு, அதே டிசி 10. ஃபைட்டர் விழுந்தான், ஒருத்தரும் சண்டைக்கு வரல, "நம்ம ரூல்தானே"ன்னு அவங்களே சிரிச்சாங்க.

ரூல் தேடற நேரம்னு பாத்தா, எதிரியைக் கட்டிப் பிடிக்கற கிராப்பிள் ரூலுக்காக 25 நிமிஷம் புக்கைப் புரட்டி மத்தவங்க ஃபோன் நோண்ட ஆரம்பிச்ச ஒரு நாளுக்கு அப்புறம், ஒரு நிமிஷத்துக்கு மேல தேடறதில்ல. அப்போதைக்கு ஒரு முடிவு, வீட்டுக்குப் போய் பாத்துட்டு அடுத்த வாரம் சரியானதைச் சொல்லிடுவேன். ஒரு கேரக்டர் சாகப் போகுதுன்னா மட்டும் ஆட்டத்தை நிறுத்தி முழுசா பாப்பேன், அந்த நேரத்துல அவசரப்பட்டா மனசு ஆறாது. ரூல் நல்லா தெரிஞ்ச ஆளை ரூல்ஸ் லாயர்னு கிண்டல் பண்ணி ஒதுக்காதீங்க, என் டேபிள்ல அப்படி ஒருத்தர்கிட்டதான் புக்கே இருக்கும், தனக்குப் பாதகமான ரூலையும் எடுத்துச் சொல்லணும்ங்கறது மட்டும்தான் கண்டிஷன்.

இப்ப புது பார்ட்டி வந்தா மொத நாள் விளையாட்டே கிடையாது, பேசி முடிவு பண்ற செஷன் ஸீரோதான். இந்த டேபிள்ல கேரக்டர் சாகலாமான்னு நேரடியா கேட்டுடுவேன். சில குடும்பங்க பசங்களோட வர்றாங்க, சாவு வேணாம்பாங்க, தப்பே இல்ல, அப்ப விழுந்தவன் கைதியாவான்னு மாத்தி அதையும் நோட்டுல எழுதிக்குவோம்.

அந்த விஸார்டு பையன்கிட்ட அடுத்த வாரமே உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "செத்திருந்தா ஒரு பார்ட், அதான் பாட்டுக்கார கேரக்டர், ரெடியா வச்சிருந்தேன் அண்ணா"ன்னான்.

சண்டையில ஸ்கிரீன் இப்ப கிடையாது, எல்லார் முன்னாடியும்தான் உருட்டுறேன்.