சந்தனக் கலர் என்று மட்டும் சொல்லி பெயின்ட் வாங்காதீர்கள்

மதுரையில் ஒரு வீட்டுக்கு பெயின்ட் வேலை முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். "பகல்ல பரவாயில்ல தம்பி, ராத்திரி லைட்டப் போட்டா சுவரெல்லாம் பாசி பிடிச்ச மாதிரி தெரியுது" என்றார் அந்த வீட்டு அம்மா. போய்ப் பார்த்தேன். பெயின்டர் பட்டி நன்றாகவே பார்த்திருந்தார், ரோலர் தடம்கூட இல்லை. கடையிலும் கேட்ட நம்பரைத்தான் கலந்து கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த நம்பரைத் தேர்ந்தெடுத்தது மத்தியானம் கடை வாசலில், நல்ல வெயிலில், ஷேடு கார்டில் இருந்த தீப்பெட்டி அளவு கட்டத்தைப் பார்த்து. அந்த வெயிலா ஹாலுக்குள் வரப்போகிறது?

வீட்டு உள்வேலை செய்யும் எனக்கு அதிகமாக வரும் புகார் இந்த கிரீம், சந்தனம், பீஜ் வகை நிறங்களில்தான். பளீர் நீலமோ பச்சையோ வேண்டும் என்பவர்கள் நாலு நாள் யோசிக்கிறார்கள். கிரீம் என்றால் "அது சேஃப்தானே சார்" என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இந்த நிறங்கள் ரொம்பப் பிடிக்கும், என் வீட்டிலும் அதுதான். ஆனால் வெளிச்சம் கொஞ்சம் மாறினாலே ஆளை மாற்றிக் காட்டுவது இவைதான்.

காரணம் எளிது. கடையில் சாயம் கலக்கும் டின்டிங் மெஷின் வேலை செய்யும்போது கவனித்துப் பாருங்கள். வெள்ளை பேஸில் பெரும்பாலும் மஞ்சள், காவி, கறுப்பு என்று மூன்று சாயம் கொஞ்சம் கொஞ்சமாக விழும். மஞ்சளோடு கறுப்பு சேர்ந்தால் பச்சை வாடை வரும், சின்ன வயதில் வாட்டர் கலரில் கலந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். காவி கூடினால் ரோஸ் பக்கம் சாயும். கார்டில் தனியாகப் பார்க்கும்போது எல்லாமே சந்தனம்தான். பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளை வைத்தால் உள்ளே ஒளிந்திருப்பது வெளியே வந்துவிடும். அந்த மதுரை வீட்டுச் சுவரில் தாளை ஒட்டிக் காட்டியதும் அந்த அம்மாவே "அட, பச்சையால்ல இருக்கு" என்றார். அப்போது பகல் பதினோரு மணி.

அடுத்தது விளக்கு. நம் வீடுகளில் முக்கால்வாசி 6500கே எல்.இ.டி.தான் (கே என்றால் கெல்வின், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு), நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம். இதன் கீழே சந்தனத்தில் இருக்கும் இதமெல்லாம் வடிந்து, பச்சையோ சாம்பலோ முன்னால் வந்து நிற்கும். 3000கே போட்டால் அதே சுவர் மஞ்சளாகத் தூக்கலாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் 4000கே இருக்கிறது, கிரீம் சுவருக்கு நான் எப்போதும் சொல்வது அதைத்தான். பல்பு பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். அந்த வீட்டில் மறுபடி பெயின்ட் அடிக்கவே இல்லை, ஹாலில் இருந்த ட்யூபுகளை மட்டும் மாற்றினோம். பச்சை முழுசாகப் போகவில்லை, ஆனால் பாசி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சில நூறு ரூபாயில் முடிந்த வேலை, முதலிலேயே யோசித்திருந்தால் அதுவும் மிச்சம்.

தரையையும் ஜன்னலையும் மறந்துவிடாதீர்கள். சிவப்பு ஆக்சைடு தரை போட்ட பழைய வீட்டில் சுவரின் கீழ்ப்பாதி ரோஸாகத் தெரியும், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் நின்றால் அந்தப் பச்சையும் உள்ளே வரும், மேற்குப் பார்த்த அறையோ சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஏற்கெனவே மஞ்சளாகிவிடும், அங்கே போய் இன்னொரு மஞ்சளை அடித்தால் கண் கூசும்.

அதனால் நான் யாருக்கும் கார்டைப் பார்த்து நிறம் முடிவு செய்து கொடுப்பதில்லை. இரண்டு அல்லது மூன்று ஷேடை சின்ன டப்பாவில் வாங்கி, பெரிய வெள்ளை சார்ட் பேப்பரில் ஓரத்தில் நாலு விரல் வெள்ளை விட்டு, இரண்டு கோட்டு அடித்து நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்தால் எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட், பொதுவாக ஒரு படி அடர்த்தியாகும், ஈரத்தில் பார்த்து எதையும் சொல்லாதீர்கள். நேராகச் சுவரில் அடித்தால் சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். பேப்பர் என்றால் ஒரு நாள் ஜன்னல் சுவரில், மறுநாள் எதிர்ச் சுவரில், அப்புறம் சோபாவுக்குப் பின்னால் என்று மாற்றி மாற்றி ஒட்டலாம். காலை, மத்தியானம், சாயங்காலம், ராத்திரி என நாலு வேளையும் பாருங்கள். வீட்டில் எல்லோரும் அதிகம் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் எது நன்றாக இருக்கிறதோ அதை எடுங்கள்.

சீலிங் விஷயத்திலும் நிறையப் பேர் கவனம் வைப்பதில்லை. அந்தக் காலத்தில் சுண்ணாம்பில் மஞ்சள் வாடை தெரியாமல் இருக்க நீலம் கலந்து அடிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் இன்றும் நீலம் தட்டும் பளீர் வெள்ளையைத்தான் கேட்கிறோம். அதைக் கிரீம் சுவருக்கு மேலே வைத்தால், புதுச் சுவர் பழசாகி அழுக்கேறியது போல இருக்கும். சீலிங்குக்கு லேசாக மஞ்சள் தட்டும் வெள்ளை எடுங்கள், அல்லது சுவர் ஷேடையே கால் பங்கு அடர்த்தியில் கலந்து தரச் சொல்லுங்கள்.

சுவர் கிரீம் ஆனதும் பழைய கதவையும் சுரண்டி அதற்கு ஏற்றாற்போல அடிக்கலாம் என்பார்கள். தயவுசெய்து கவனம். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், முக்கியமாகப் பளீர் மஞ்சளிலும் பச்சையிலும், ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசு வீடெல்லாம் பறக்கும். நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், அன்றைக்குக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வீட்டில் இருக்கவே கூடாது.

ஓதம் ஏறிய சுவரில் எந்த கிரீமும் நிற்காது, உப்புப் பூத்துத் திட்டுத் திட்டாகத் தெரியும். முதலில் கசிவைச் சரிசெய்யுங்கள். புதுப் பூச்சு என்றால் 28 நாளாவது காயட்டும்.

பெயின்ட் வந்து இறங்கியதும் எல்லா வாளியையும் ஒரே டிரம்மில் ஊற்றிக் கலக்கச் சொல்லுங்கள். ஒரே நம்பராக இருந்தாலும் வாளிக்கு வாளி கொஞ்சம் வித்தியாசம் வரும், வெளிர் நிறத்தில் சுவர் நடுவே அது கோடு போட்டதுபோல் தெரியும். ஒரு லிட்டராவது மீதி வைத்துக்கொள்ளுங்கள். மூடியில் ஷேடு நம்பரோடு ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வையுங்கள். என் வீட்டு ஸ்டிக்கரை மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன், போன வருஷம் ஏசி பைப்புக்காகச் சுவரை உடைத்தபோது அந்த நம்பரை வைத்துத்தான் ஒட்டுப் போட்டேன்.